சைலன்சருக்குள் ஒளிந்திருந்த குதிரைசக்தி: டூ-ஸ்ட்ரோக் என்ஜினை மாற்றிய வால்டர் காடென் யார்?

பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரையோ பைக்கையோ வீட்டிலேயே பிரித்து, போர் போட்டு, ரிங் மாற்றி, கூடவே கொஞ்சம் பிக்-அப்பும் ஏற்ற நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது மூன்று இடங்களில்தான். ஒன்று, சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட்கள். இரண்டு, பெட்ரோல் கலவை என்ஜினுக்குள் நுழையும் வழி. மூன்று, சைலன்சர்.

இந்த மூன்றிலும் எங்கே கை வைத்தால் என்ன நடக்கும் என்பதை, குருட்டாம்போக்கில் அல்லாமல், அளந்து பார்த்து கண்டுபிடித்தவர் ஒருவர் இருக்கிறார். கிழக்கு ஜெர்மனியின் ஒரு சிறு ஊரில், பணமும் பொருளும் பற்றாக்குறையாக இருந்த தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெயர் வால்டர் காடென். அவர் கண்டுபிடித்த விஷயங்கள்தான் பின்னாளில் சுசுகியை உலக சாம்பியன் ஆக்கின. ஆனால், அவரிடமிருந்து அவை சுசுகிக்குப் போன விதம் கொஞ்சம் கசப்பான கதை.

எந்த ஊர்க்காரர்?

1919 செப்டம்பர் 1-ம் தேதி, ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள போபர்ஷாவ் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார் காடென். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சோப்பாவ் நகரம். டிகேடபிள்யூ என்ற மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் சொந்த ஊர் அது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளராக இருந்த நிறுவனம். அதன் பலமே டூ-ஸ்ட்ரோக் என்ஜின்கள்தான்.

காடெனின் அப்பா அந்த நிறுவனத்தின் விற்பனை மேலாளருக்கு கார் டிரைவராக இருந்தார். 1927-ல் புகழ்பெற்ற நூர்பர்க்ரிங் பந்தயப் பாதை திறக்கப்பட்டபோது, ஏழு எட்டு வயதுப் பையனாக காடெனும் அங்கே போயிருந்தார். வளர்ந்த பிறகு கெம்னிட்ஸ் நகரில் தொழில்நுட்பக் கல்வி.

1940-ல் அவருக்கு வேலை கிடைத்தது ஹென்ஷெல் விமானத் தொழிற்சாலையில். அங்கே ஹெர்பர்ட் வாக்னர் தலைமையில் உருவான எச்எஸ் 293 என்ற, ரேடியோ மூலம் இயக்கப்படும் ஏவுகணைத் திட்டத்தில் பணியாற்றினார். 1943 முதல் பீனமுண்டே ராணுவ ஆராய்ச்சி மையத்தில் இருந்தார். அவர் வி-1 ஏவுகணையில் வேலை செய்தார் என்று பல இடங்களில் எழுதப்படுவதுண்டு. உண்மையில் அவர் பணி எச்எஸ் 293-ல்தான். எப்படியிருந்தாலும், அவர் இளமையின் ஐந்து வருடங்கள் ஹிட்லரின் போர் ஆயுதங்களுக்காகப் போயின என்பதை மறைக்க முடியாது. அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மரக்கடையில் தொடங்கிய ரேஸ் பைக்

போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் அவரைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்தன. விடுதலையான பிறகு சோப்பாவுக்குத் திரும்பி, மரவேலைத் தொழில் ஆரம்பித்தார். குண்டு விழுந்து கூரை இழந்த கட்டடங்கள் ஊரெங்கும் நின்ற காலம் அது. அவற்றுக்குக் கூரைச் சட்டங்கள் செய்து கொடுப்பதுதான் வேலை.

அதே சமயத்தில்தான், கைக்குக் கிடைத்த டிகேடபிள்யூ ஆர்டி 125 ஒன்றை ரேஸ் பைக்காக மாற்றி, உள்ளூர்ப் போட்டிகளில் ஓட்ட ஆரம்பித்தார். காடெனின் டூ-ஸ்ட்ரோக் பயணம் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்கவில்லை. சொந்த வண்டியைப் பிரித்துப் பார்த்ததில்தான் தொடங்கியது.

ஆர்டி 125 சாதாரண வண்டி இல்லை. ஹெர்மன் வேபர் வடிவமைத்த அந்த எளிமையான 125சிசி வண்டியை, போருக்குப் பிறகு உலகமே நகலெடுத்தது. பிரிட்டனின் பிஎஸ்ஏ பேண்டம், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் சிறிய 125சிசி வண்டி, சோவியத்தின் மாஸ்க்வா, 1955-ல் வந்த யமஹாவின் முதல் பைக்கான ஒய்ஏ-1 எல்லாமே அதன் பிள்ளைகள்தான். ஆனால் அந்த என்ஜினின் சக்தி 5 குதிரைசக்திக்கும் குறைவு. ஊருக்குள் ஓட்ட அது போதும். ரேஸுக்குப் போதாது.

டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி என்ன பிரச்சினை?

இங்கே கொஞ்சம் என்ஜினைத் திறந்து பார்த்துவிடலாம். ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினில் கலவை உள்ளே வரவும் புகை வெளியே போகவும் தனித்தனி வால்வுகள் இருக்கும். சின்ன டூ-ஸ்ட்ரோக்கில் அதெல்லாம் கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே ஓட்டைகள். மேலும் கீழும் போகும் பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடும்.

பிஸ்டன் மேலே போகும்போது, அதற்குக் கீழே உள்ள கிராங்க் கேஸுக்குள் காற்று, பெட்ரோல், ஆயில் கலவை இழுக்கப்படும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக சிலிண்டருக்குள் ஏறும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிப்பு. அதனால்தான் சின்ன என்ஜினிலிருந்து இவ்வளவு வேகம்.

சிக்கல் என்னவென்றால், புதுக் கலவை உள்ளே வரும் அதே நேரத்தில் புகை போகும் போர்ட்டும் திறந்தேதான் இருக்கும். பழைய புகையோடு சேர்ந்து, எரியாத பெட்ரோலும் வெளியே ஓடிவிடும். இன்னொரு சிக்கல், சூடு. ஒவ்வொரு சுற்றிலும் எரிப்பு நடப்பதால் பிஸ்டனுக்கு ஆறவே நேரம் இருக்காது. வேகத்தை ஏற்ற ஏற்ற பிஸ்டன் சீஸ் ஆகும், பேரிங் கருகும். அதனால் போருக்குப் பிந்தைய உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் டூ-ஸ்ட்ரோக்கை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அது ஏழைகளின் வண்டி, அவ்வளவுதான்.

காடென் செய்த மூன்று வேலைகள்

போருக்குப் பிறகு சோப்பாவ் தொழிற்சாலை சோவியத் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து, ஐஎஃப்ஏ என்ற அரசு நிறுவனமானது. 1956 முதல் அதன் வண்டிகளுக்கு எம்இசட் என்று பெயர். 1950-களின் தொடக்கத்தில் அந்தப் பெரிய தொழிற்சாலையின் ரேஸ் பைக்குகளை, தனியார் மெக்கானிக்குகள் உருவாக்கிய ஒரு வண்டி தோற்கடித்துக்கொண்டிருந்தது. மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1953-ல் ரேஸ் பிரிவைக் காடெனிடம் ஒப்படைத்தார்கள்.

அவர் முதலில் செய்தது, தோற்கடித்தவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது. அந்தத் தனியார் வண்டியில் டேனியல் சிம்மர்மன் என்பவர் ஒரு சுழலும் தகட்டைப் பொருத்தியிருந்தார். ரோட்டரி டிஸ்க் வால்வு என்பார்கள். சாதாரண டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனே உள்வழியைத் திறந்து மூடுவதால், மேல்முனைக்கு எவ்வளவு முன்பு திறக்கிறதோ அதே அளவு பின்புதான் மூடும். சீக்கிரம் திறக்க வைத்தால் தாமதமாக மூடும், உள்ளே வந்த கலவை கார்புரேட்டருக்கே திரும்பித் துப்பப்படும். கிராங்க் ஷாஃப்ட்டோடு சுழலும், ஒரு பக்கம் வெட்டப்பட்ட தகடு இருந்தால், திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். பல வெஸ்பா ஸ்கூட்டர் என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் பக்கத் தகடே இந்தக் கதவு வேலையைச் செய்கிறது. தத்துவம் ஒன்றுதான்.

இரண்டாவது வேலை, மூன்றாவது டிரான்ஸ்ஃபர் போர்ட். வழக்கமாக இருபக்கமும் ஒவ்வொன்று இருக்கும். காடென், புகை போகும் போர்ட்டுக்கு நேர் எதிரே இன்னொன்றைச் சேர்த்தார். பூஸ்ட் போர்ட் என்று இன்று சொல்வது இதைத்தான். பிஸ்டனின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் வழியாகக் கலவையை அனுப்பியதால், பிஸ்டனின் அடிப்பக்கமும் கனெக்டிங் ராடின் மேல்முனை பேரிங்கும் ஒவ்வொரு சுற்றிலும் குளிர்ந்தன, ஆயிலும் கிடைத்தது. கூடுதல் சக்தியும் கருகாத பேரிங்கும் ஒரே மாற்றத்தில் கிடைத்தன.

மூன்றாவதுதான் பெரிய வேலை. சைலன்சர்.

குழாய்க்குள் ஓடும் சத்தம்

டிகேடபிள்யூவின் இன்னொரு பொறியாளரான எரிக் வோல்ஃப், 1951-லேயே தன் ரேஸ் வண்டிகளில் நடுவில் பருத்த, பீப்பாய் போன்ற எக்ஸாஸ்ட் குழாயைப் பயன்படுத்தியிருந்தார். அது வேலை செய்தது. ஏன், எந்த அளவில் செய்கிறது என்பதை ஆராயக் காடென் ஆசிலோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். குழாய்க்குள் அழுத்தம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைத் திரையில் அலையாகப் பார்க்க முடிந்தது.

நடப்பது இதுதான். எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் மெல்ல விரியும் இடத்தில், ஒரு உறிஞ்சும் அலை என்ஜினை நோக்கித் திரும்பி வருகிறது. அது பழைய புகையை இழுத்து, புதுக் கலவையையும் சிலிண்டருக்குள் வேகமாக வரவழைக்கிறது. இந்த இழுப்பில் கொஞ்சம் புதுக் கலவை குழாய்க்குள்ளும் போய்விடும். ஆனால் அழுத்த அலை இன்னும் முன்னே போய், குழாய் மறுபடி குறுகும் இடத்தில் மோதி, இந்த முறை தள்ளும் அலையாகத் திரும்புகிறது. போர்ட் மூடுவதற்குச் சற்று முன்னால் அது வந்து சேர்ந்தால், வெளியே போன கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். வால்வு இல்லாத என்ஜினுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வால்வு.

எல்லாம் நேரத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 10,800 சுற்று ஓடும் என்ஜின், விநாடிக்கு 180 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு சுமார் 5.5 மில்லி விநாடி. அதில் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருப்பது ஏறக்குறைய 3 மில்லி விநாடி. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். குழாயின் நீளமும் கூம்பின் சரிவும் கொஞ்சம் மாறினாலும் அலை முந்திவிடும் அல்லது பிந்திவிடும்.

பலன்? 1954-ல் காடெனின் 125சிசி என்ஜின் 13 குதிரைசக்தி கொடுத்தது. 1961-ல் 10,800 ஆர்பிஎம்-ல் 25 குதிரைசக்தி. லிட்டர் கணக்கில் பார்த்தால் 200. அதே சோப்பாவில் 5-க்கும் குறைவாகத் தொடங்கிய 125சிசி என்ஜின் வரிசையிலிருந்து இது வந்தது. 1958-ல் ஸ்வீடனில் ஹோர்ஸ்ட் ஃபூக்னர் 250சிசி பிரிவில் ஜெயித்து, எம்இசட்டுக்கு முதல் கிராண்ட் ப்ரீ வெற்றியைக் கொடுத்தார்.

1961 செப்டம்பரில் என்ன நடந்தது?

காடெனின் அணியில் முக்கிய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். வண்டி ஓட்டுவதோடு என்ஜின் வேலையும் தெரிந்தவர். 1961 சீசனில் 125சிசி பிரிவில் ஹாக்கன்ஹைம், சாக்சன்ரிங், மோன்ஸா என மூன்று பந்தயங்களை ஜெயித்து, உலக சாம்பியன் பட்டத்தைத் தொடும் தூரத்தில் இருந்தார். பணக்கார ஹோண்டாவை, சின்ன எம்இசட் வீழ்த்தப்போகிறது என்ற நிலை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 13-ல்தான் பெர்லின் சுவர் எழும்பத் தொடங்கியது. கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகும் வழிகள் அடைபட்டன.

இன்னொரு பக்கம், சுசுகி தவித்துக்கொண்டிருந்தது. டூ-ஸ்ட்ரோக் வண்டிகளோடு கிராண்ட் ப்ரீக்கு வந்து, தோல்வி மேல் தோல்வி. 1960-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்துக்கு வந்தபோது எம்இசட் அணி தங்கிய அதே ஹோட்டலில்தான் சுசுகி அணியும் தங்கியது. பழக்கம் அங்கே தொடங்கியது. அது பிறகு பேரமாக மாறியது. டெக்னர் தனக்குத் தெரிந்ததைக் கொடுக்க வேண்டும், பதிலுக்கு வேலையும் பணமும்.

1961 செப்டம்பர் 17, ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட். டெக்னரின் என்ஜின் பந்தயத்திலேயே நின்றுபோனது. அந்த வார இறுதியில் அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் ஒரு காரின் டிக்கியில் ஒளிந்து எல்லையைக் கடந்தார்கள். டெக்னர் ஸ்வீடனிலிருந்து டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். சோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. சீசனின் கடைசிப் பந்தயமான அர்ஜென்டினாவில் அவரால் ஓட முடியவில்லை. பட்டம் ஹோண்டாவின் டாம் ஃபிலிஸுக்குப் போனது.

அடுத்த ஆண்டே, 1962-ல், சுசுகியில் ஏறி 50சிசி உலக சாம்பியன் ஆனார் டெக்னர். சுசுகியின் முதல் உலகப் பட்டம் அது. உலக சாம்பியன்ஷிப்பில் டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வாங்கிய முதல் பட்டமும் அதுவே.

யார் செய்தது தப்பு?

டெக்னர் துரோகி என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் சுவர் எழும்பிய நாட்டிலிருந்து குடும்பத்தோடு தப்பிக்க நினைத்தவருக்கு, கையில் இருந்த ஒரே சொத்து அந்த அறிவுதான். அதற்கும் அவர் பெரிய விலை கொடுத்தார். 1963-ல் ஜப்பானின் சுசூகாவில் நடந்த விபத்தில் கடுமையான தீக்காயம். பழைய வேகம் திரும்பவே இல்லை. 1983-ல் இறந்தார். சுசூகா பாதையில் ஒரு வளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

காடெனும் சிம்மர்மனின் தகட்டையும் வோல்ஃபின் குழாயையும் எடுத்துத்தான் தன் வேலையைத் தொடங்கினார். என்ஜின் உலகில் யோசனைகள் கைமாறுவது புதிதல்ல. வித்தியாசம் என்னவென்றால், காடெனின் ஏழெட்டு வருட அளவீடுகளும், உடைந்த பேரிங்குகள் சொல்லிக்கொடுத்த பாடங்களும் ஒரே இரவில் எதிரணிக்குப் போயின. அவருக்குப் பணமும் வரவில்லை, பட்டமும் வரவில்லை. அணியின் நட்சத்திர வீரர் எல்லை தாண்டிய பிறகு, கிழக்கு ஜெர்மனியில் அந்த அணியின் தலைவர் எப்படிப்பட்ட சந்தேகக் கண்களைச் சந்தித்திருப்பார் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் காடென் சோப்பாவிலேயே இருந்தார். வேலையை விடவில்லை. 1963-ல் சாக்சன்ரிங் பந்தயத்தில், பிரிட்டனின் மைக் ஹெயில்வுட் எம்இசட் வண்டியில் 250சிசி பிரிவை ஜெயித்தார். 1971-ல் ஆஸ்திரியாவில் சில்வியோ கிராசெட்டியும் ஒரு வெற்றியைக் கொடுத்தார். உலக சாம்பியன் பட்டம் மட்டும் எம்இசட்டுக்குக் கிடைக்கவே இல்லை.

அவர் தத்துவமோ எல்லா இடத்துக்கும் போனது. 1964-ல் யமஹாவின் டூ-ஸ்ட்ரோக் 250சிசி பட்டத்தை வென்றது. 1975-ல் பெரிய 500சிசி பட்டமும் யமஹா டூ-ஸ்ட்ரோக்கில் வந்தது. அதன் பிறகு அந்தப் பிரிவை டூ-ஸ்ட்ரோக்தான் ஆண்டது, 2001 வரை. 1984-ல் ஓசூரில் டிவிஎஸ் குழுமம் சுசுகியோடு சேர்ந்து தயாரிக்க ஆரம்பித்த 100சிசி பைக்கும், அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-உம் அந்த ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக் பரம்பரையில் வந்தவைதான்.

வீட்டில் என்ஜினைப் பிரிப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. முதல் விஷயம், சைலன்சரின் உள் பாகத்தைக் கழற்றி எறிந்தால் வண்டி பறக்கும் என்பது கட்டுக்கதை. சத்தம் கூடும். ஆனால் திரும்பி வர வேண்டிய அலையின் கணக்கு கெட்டுவிடும். பல வண்டிகளில் இழுவை குறைந்து, பெட்ரோல்தான் அதிகம் குடிக்கும். போதாக்குறைக்கு, சாலையில் ஓடும் வண்டியில் சைலன்சரை மாற்றினால் அபராதமும் உண்டு.

இரண்டாவது, எக்ஸ்பேன்ஷன் சேம்பர் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்காக மட்டுமே கணக்கிடப்படுவது. ரேஸ் வண்டியின் குழாயை ஸ்கூட்டரில் மாட்டினால், மேல் வேகத்தில் ஒரு துள்ளல் இருக்கும், கீழ் வேகத்தில் சிக்னலில் இருந்து கிளம்பவே திணறும். எக்ஸாஸ்ட் போர்ட்டை அரத்தால் உயர்த்துவதும் அப்படித்தான். ஒரு மில்லிமீட்டர் கூட பெரிய மாற்றம். அரைத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. போர்ட் விளிம்பைச் சரியாக மழுக்காமல் விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும்.

மூன்றாவது, என்ஜின் அதிகம் மூச்சு வாங்க ஆரம்பித்தால் பெட்ரோலும் அதற்கேற்ப வர வேண்டும். குழாயை மாற்றிவிட்டு கார்புரேட்டரில் பழைய மெயின் ஜெட்டையே விட்டால், கலவையில் காற்று கூடி, சூடு ஏறி, பிஸ்டனில் ஓட்டையே விழலாம். ஜெட்டை ஒரு அளவு பெரிதாக வைத்துத் தொடங்கி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வருவதுதான் பாதுகாப்பு. வெளுத்துப்போன பிளக் ஆபத்து, காபி நிறம் நல்லது.

நான்காவது, ஏற்றுவதற்கு முன் சரிசெய்ய வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் என்பது ஒரு பம்ப். ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். பட்டறைகளில் புதிதாகப் போர் போட்ட பிஸ்டன் சில நாட்களிலேயே சீஸ் ஆவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். சீல், பேரிங், ரிங் இடைவெளி, எக்ஸாஸ்ட்டில் படிந்த கரி எல்லாவற்றையும் பார்த்து முடித்தாலே, பாதி பிக்-அப் தானாகத் திரும்பிவிடும்.

டூ-ஸ்ட்ரோக் ஏன் போனது?

காடெனின் குழாய் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே கலவையைத் திருப்பி அனுப்பும். மற்ற நேரங்களில் எரியாத பெட்ரோலும் ஆயில் புகையும் வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். மாசு விதிகள் இறுக இறுக, இந்தியச் சாலைகளுக்கான புது வண்டிகளில் டூ-ஸ்ட்ரோக் மறைந்தது. கிராண்ட் ப்ரீயிலும் 125சிசி பிரிவோடு 2011-ல் அதன் காலம் முடிந்தது.

காடென் இறந்தது 1996 மார்ச் 3-ம் தேதி. கிழக்கு ஜெர்மனி என்ற நாடு அதற்கு முன்பே மறைந்திருந்தது, எம்இசட்டும் தனியார் கைக்கு மாறியிருந்தது. அதே 1996-ல்தான் இந்தியாவில் ஆர்எக்ஸ் 100 உற்பத்தியும் நின்றது. இன்றும் அந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டுபவர்கள் போர்ட், ஜெட், குழாய் என்று பேசிக்கொள்ளும் கணக்கில் பெரும்பகுதி, சோப்பாவில் ஒரு ஆசிலோஸ்கோப்பின் முன் உட்கார்ந்து அவர் போட்டதுதான்.